லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடுகள்



உழைக்கும் குடும்பங்களுக்குச் சொந்த வீடு கிடைக்கத் தொண்டு நிறுவனங்கள் என்ன செய்திருக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். ஒப்புக்கொண்ட மறுவாரமே பென்னாகரம் வட்டத்தில் சில ஊர்களைச் சுற்றி வந்தேன். கேழ்வரகு அறுத்து முடிந்த காலம். ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் படுபவை ஹாலோ பிளாக் சுவர்கள். லிண்டல் மட்டம் வரை எழும்பி நிற்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறிவிட்டன. உள்ளே வெள்ளாடு கட்டியிருக்கிறார்கள், புளி உலர்த்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறையில் பெரியவர்களும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலையில்.

அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "எத்தனை வருஷமா இப்படி நிக்குதும்மா?" என்று கேட்டேன். "சின்னப் பேரன் பொறந்த வருஷம் கடக்கால் தோண்டினது சார். அவன் இப்ப மூணாவது படிக்கிறான்" என்றார். சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "மோல்டு மட்டும் போட்டுட்டா எம் மருமவ இங்கயே இருந்துக்குவா."

இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்த மோல்டை, அதாவது கான்கிரீட் கூரையைப் பற்றித்தான்.

அந்தக் குடும்பம் சோம்பேறிக் குடும்பம் இல்லை. அரசும் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016-இல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என்று திட்டங்கள் தொடர்ந்து வந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னதில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு. பிரதமர் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு 1.20 லட்சம் என்று வைத்தார்கள். அதில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் மாநில அரசு மேற்கொண்டு பணம் சேர்த்துக் கொடுக்கிறது. இவ்வளவு இருந்தும் சுவர் ஏன் பாதியில் நிற்கிறது?

பணம் வரும் முறையைப் பார்த்தால் விடை தெரியும். பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு மட்டமும் முடிந்த பிறகுதான் அதற்குரிய தவணை வரும். ஓவர்சியர் வந்து அளந்து, படம் எடுத்துப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் 'பில் விழும்'. அரசுப் பணம் தவறான கைக்குப் போகாமல் இருக்க இந்த முறை தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் மட்டத்தை எட்டுவதற்கான பணம் அந்தக் குடும்பத்தின் மடியிலிருந்து வர வேண்டும். மடியில் இருப்பதோ தாலிக்கொடியும் இரண்டு ஆடும். நகையை அடகு வைத்துக் கடக்கால் தோண்டுகிறார்கள். பில் வரத் தாமதமானால் பெங்களூர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். முன்பணம் வாங்கியவர் அதைக் கழிக்கப் பெங்களூர் போயாக வேண்டும். போய்விட்டால் கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஊரில் ஆளில்லை. திரும்பி வருவதற்குள் எம்-சாண்ட் விலையும் கம்பி விலையும் ஏறியிருக்கும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறோம் என்ற எண்ணத்தில், அரசு சொன்ன அளவுக்கு மேல் ஓர் அறையைக் கூட்டிவிடுகிறார்கள். வயதுக்கு வந்த மகளுக்கு ஒரு தனி அறை வேண்டும் என்று நினைக்கும் தாயை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த ஓர் அறைதான் பணத்தை லிண்டலில் நிறுத்திவிடுகிறது.

இந்த இடைவெளியில் ஒரு சிறு கடன், நியாயமான வட்டியில், சரியான வாரத்தில் கிடைத்திருந்தால் அந்த வீடு மூடப்பட்டிருக்கும். வங்கிக்குப் போனால் பத்திரம் கேட்கிறது. நத்தத்திலோ புறம்போக்கிலோ மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் காட்டப் பட்டா இல்லை. பட்டா இருந்தாலும் தாத்தா பெயரில் இருக்கிறது. பங்காளிகள் ஆறு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் இருவர் திருப்பூரில். கடைசியில் பத்து வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் மாவட்டத்தின் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரியில்தான். 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது, 2004-இல் பிரிந்தது. மைராடா என்ற தொண்டு நிறுவனம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்கார வைத்துப் பேசியது. 1968-இல் திபெத்திய அகதிகளுக்கு வாழ்விடம் அமைத்துக் கொடுக்கப் பிறந்த நிறுவனம் அது. இந்தியன் வங்கி கடன் கொடுக்க முன்வந்தது. கைநாட்டு வைக்கும் பெண்களை நம்பி, அடமானம் எதுவும் இல்லாமல் ஒரு வங்கி கடன் கொடுத்தது அன்றைக்குச் சாதாரணக் காரியம் இல்லை. நபார்டு வங்கி நாடு முழுவதற்குமாகக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியதே 1992-இல்தான். தமிழ்நாடு முழுவதற்கும் மகளிர் திட்டம் போனது 1997-98-இல்.

சங்கம் என்று நாம் சொல்லும் அந்தப் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கூர்ந்து பாருங்கள். யாருக்கு உண்மையில் அவசரம், யார் திருப்பிக் கட்டுவார், யார் வீட்டில் குடி, யார் வீட்டில் நோய் என்பது அவர்களுக்குத் தெரியும். வங்கி மேலாளர் ஆறு மாதம் விசாரித்தாலும் அறிய முடியாததை அவர்கள் ஒரு கூட்டத்தில் பேசி முடிக்கிறார்கள். மாடு வாங்க, மருத்துவச் செலவுக்கு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று அவர்கள் புரட்டிய பணம் கொஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்கென்று சங்கக் கடன் கேட்டால் பெரும்பாலான இடங்களில் தயங்குகிறார்கள். வீடு பெரிய தொகை, வருமானம் தராத செலவு என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோம். அது தவறு என்று நினைக்கிறேன். ஒழுகாத கூரை இருந்தால் கூலிக்குப் போகாத நாட்கள் குறையும். மருமகள் ஊரிலேயே இருந்தால் பிள்ளைகளின் படிப்பு நிற்காது. வருமானக் கணக்கை எழுதத் தெரிந்தவர்கள் இதையும் எழுத வேண்டும்.

பெண்களின் சேமிப்பை வீட்டோடு இணைத்துக் காட்டிய மனிதர் ஒருவர் நமக்கு அண்டை ஊர்க்காரர். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோக்கின் அற்புதம். இளம் வயதில் மும்பைக்குப் பிழைக்கப் போய், ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்து, அந்தக் காலனி இடிக்கப்படுவதற்கு எதிராகப் போராடி, 1974-இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தொடங்கியவர். 1985-இல் உச்ச நீதிமன்றம் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வாழ்வுரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றது. ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் பைக்குல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் மகிளா மிலன் என்று ஒன்றுகூடினார்கள். தினமும் சில ரூபாய் சேர்த்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் வீட்டை வரைந்த விதம். கட்டடக்கலைஞரின் தாள் அவர்களுக்குப் புரியவில்லை. சேலையையும் துணியையும் கொண்டு அறையின் அளவைத் தரையில் எடுத்தார்கள். மரச்சட்டமும் துணியும் வைத்து முழு அளவில் மாதிரி வீடு கட்டி, உள்ளே நடந்து பார்த்தார்கள். கூரையை உயர்த்தி உள்ளே ஒரு பரண் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் பலர் பின்னாளில் மான்கூர்டில் சொந்த வீட்டுக்குப் போனார்கள். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார். தங்கவயலுக்கும் தர்மபுரிக்கும் எவ்வளவு தூரம்? அவர் பெயரில் நம் பக்கம் ஒரு தெரு இருந்தால் நன்றாக இருக்கும்.

கிழக்கே போவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தி கேட்டு அங்கே போனவர்கள் சர்வோதய ஊழியர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். அவர்கள் திரும்பி வரவில்லை, அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவனுக்கு நில விடுதலை என்பது அதன் பொருள். நிலவுடைமையாளரிடம் பேசி விலைக்கு வாங்கி, வங்கிக் கடன் பெற்று, ஏக்கர் கணக்கில் பிரித்து, பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். நிலம் வாங்கியவர்கள் கடனைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன.

ஆனால் கிருஷ்ணம்மாளின் மனம் அதோடு அமைதியடையவில்லை. சொந்த நிலத்தில் உழுதுவிட்டு மாலையில் அதே மண் குடிசைக்குள் குனிந்து நுழையும் பெண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. 44 பேர் எரிந்தது ஒரு குடிசையில் என்பதை அவர் மறக்கவே இல்லை. சுனாமிக்குப் பிறகு, எண்பதை நெருங்கும் வயதில், வீடு கட்டும் வேலையில் இறங்கினார். ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் செங்கல் அறுக்கவும் சுவர் வைக்கவும் கற்றுக்கொண்டார்கள். 2008-இல் வாழ்வுரிமை விருது அவருக்கும் ஜெகந்நாதனுக்கும் கிடைத்தது; 2020-இல் அவருக்குப் பத்மபூஷண். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது வேறொன்று. முதலில் நிலம், பெண்ணின் பெயரில். அதன் பிறகு அந்த ஊரின் கைகளாலேயே சுவர். இந்த வரிசையை அவர் மாற்றவே இல்லை.

இதே சர்வோதய மண்ணிலிருந்து ஒரு விதை கடல் கடந்தது. வினோபா 1956-57-இல் தமிழகமெங்கும் நடந்து கிராமதானம் கேட்டார். நிலம் ஊருக்குச் சொந்தம், உழும் உரிமை குடும்பத்துக்கு என்பது அதன் சாரம். அந்தச் சிந்தனையையும் இஸ்ரேலின் கூட்டு நிலக் குடியிருப்புகளையும் பார்த்துத்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆல்பனி நகருக்கு அருகே, குடிசார் உரிமைப் போராட்டத்தில் நின்ற கறுப்பின மக்கள் 1969-இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலம். அரசு உதவி மறுக்கப்பட்டு, வறட்சியும் கடனும் சேர்ந்து 1985-இல் அந்த நிலம் கையைவிட்டுப் போனது. ஆனாலும் எண்ணம் சாகவில்லை. நிலத்தை ஓர் அறக்கட்டளை வைத்துக்கொள்ளும். அதன்மேல் உள்ள வீடு குடும்பத்துக்குச் சொந்தம். விற்றால் அடுத்த ஏழைக் குடும்பமும் வாங்கும் விலைக்கே விற்க வேண்டும். இந்த முறையில் பர்லிங்டன் நகரில் 1984-இல் தொடங்கிய அமைப்பு இன்று அந்நாட்டின் பெரிய சமூக நில அறக்கட்டளைகளில் ஒன்று.

ஆல்பனியிலிருந்து ஏறத்தாழ தர்மபுரிக்கும் சேலத்துக்கும் உள்ள தூரத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூர். அங்கே 1976-இல் மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியைத் தொடங்கினார்கள். சேர்த்த செல்வத்தையெல்லாம் துறந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். வீடு இனாம் கிடையாது. குடும்பம் தன் உழைப்பைப் போட வேண்டும். லாபமும் வட்டியும் இல்லாத கடனைத் தவணையில் கட்ட வேண்டும். கட்டிய பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். 1983 முதல் இந்தியாவிலும் அது வேலை செய்கிறது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006-இல் லோனாவாலாவுக்கு அருகே வந்து, கையில் கரண்டி பிடித்துச் சுவர் வைத்தார்.

இந்த இரண்டு முறைகளில் நம் மாவட்டத்துக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். நிலத்தை அறக்கட்டளை வைத்திருப்பது அழகான எண்ணம். ஓசூர்ப் பக்கம் நில விலை ஏறுகிற வேகத்தைப் பார்க்கும்போது அதன் தேவையும் புரிகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காலடி மண்கூடத் தன் பெயரில் இல்லாமல் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களிடமும் மலைவாழ் மக்களிடமும் போய், 'நிலம் அறக்கட்டளைக்கு, வீடு உனக்கு' என்று சொல்ல என் நாக்கு எழாது. அவர்கள் பெயரில் பட்டா வரட்டும். அது வட்டிக்காரர் கைக்குப் போகாமல் காக்க வேறு வழி தேடுவோம்.

பட்டா கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இந்த மாவட்டத்தில் நின்று பேசும் நான் சொல்லியாக வேண்டும். 2012 நவம்பர் 7 மாலை நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய, ஒடுக்கப்பட்ட மக்களின் மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அவற்றில் பல, பெங்களூருக்குப் போய் ஆண்டுக்கணக்கில் உழைத்த பணத்தில் கட்டியவை. பத்திரமும் பட்டமும் நகையும் பீரோவோடு எரிந்தன. கூலிக்காரர் கான்கிரீட் வீடு கட்டியதைப் பொறுக்காத கண்கள் நம்மிடையே இருந்தன. வீட்டுவசதி பற்றிப் பேசும் எவரும் இந்த மாவட்டத்தில் அந்த மாலையைத் தாண்டிப் போக முடியாது. காலனி வேறு, ஊர் வேறு என்று மனை பிரித்துக் கொடுக்கும்வரை எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்த வீடுகளுக்குப் பாதுகாப்பில்லை.

நம்பிக்கை தரும் இடமும் இங்கேயே இருக்கிறது. அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த குடிசை அது. இன்று அது மருத்துவமனை. அங்கேயே துளிர் என்ற கல்வி மையம், மண்ணையும் உள்ளூர்ப் பொருளையும் கொண்டு கட்டடம் எழுப்பிக் காட்டி, மலைவாழ் இளைஞர்களுக்குக் கட்டுமானத்தையும் மின்வேலையையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஐந்து மைல் சுற்றுவட்டத்தில் கிடைப்பதைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாகக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் நினைவுகூர்வார். கேரளத்தில் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அந்த வழியில் ஏழைகளுக்கு ஏராளமான வீடுகளைக் கட்டியது. நம் ஐந்து மைலுக்குள் என்ன இல்லை? கருங்கல் இருக்கிறது, செம்மண் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, பெங்களூரில் பல மாடிகளுக்குச் சென்ட்ரிங் அடித்துப் பழகிய கை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. பெரியாளும் சித்தாளும் நம் வீட்டில்தான் பிறக்கிறார்கள். அந்தக் கை தன் ஊரில் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய வேண்டுமானால், அந்த மூன்று மாதமும் அடுப்பெரிய வழி வேண்டும். மேஸ்திரியின் முன்பணத்துக்கு மாற்றாக ஒரு கடன் வேண்டும்.

ஆகவே மகளிர் குழுக் கூட்டமைப்புகளிடம் நான் கேட்பது இது. ஒவ்வொரு ஊராட்சியிலும் கூரைக் கடன் என்று தனியே ஒரு நிதி வையுங்கள். வீடு முழுவதற்கும் தர வேண்டாம். ஒரு மட்டத்துக்கும் அடுத்த பில்லுக்கும் இடையில் மட்டும் கொடுங்கள். பில் வந்ததும் சங்கம் வழியாகவே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து வீட்டுக்குச் சுற்றிவந்தால்கூட ஒரு தெரு மூடப்படும். தொண்டு நிறுவனங்கள் திறப்பு விழாக் கல்வெட்டோடு வீடு கட்டிக் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இந்த நிதிக்கு முதல் தொகை தரலாம். பட்டா மாற்றத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கூடவே நின்று மனு எழுதிக் கொடுக்க ஓர் ஆளை அமர்த்தலாம். ஓய்வு பெற்ற நில அளவர்கள், வங்கி அலுவலர்கள், பொறியாளர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துக்கும் சொல்லுக்கும் அலுவலகங்களில் இன்னும் மதிப்பு இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளை அதற்குக் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பாதியில் நிற்கும் வீடு எத்தனை, எந்த மட்டத்தில் நிற்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, மோல்டு போட இன்னும் எவ்வளவு தேவை என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதை முதலில் உங்கள் தாயாரின் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும், இன்னொன்றைக் குடியரசு நாள் கிராம சபையிலும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.